அறிகுறியும் காரணமும்

1976ல் அமெரிக்காவின் எக்ஸிடி கம்பெனி ‘டெத் ரேஸ்’ என்றொரு விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. காசு போட்டால் கறுப்பு வெள்ளைத் திரையில் கார் ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்பி, தப்பியோடுகிற குச்சி உருவங்கள் மேல் ஏற்ற வேண்டும். அடிபட்டதும் ஓர் அலறல். அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். அவை மனிதர்கள் அல்ல, குட்டிச்சாத்தான்கள் என்றது கம்பெனி. பத்திரிகைகள் அதை ஏற்கவில்லை. கண்டனம் வளர்ந்தது, விற்பனையும் வளர்ந்தது.

அந்த வருஷமே அங்குள்ள தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் உளவியலாளர் ஒருவர் ஒரு வாதத்தை முன்வைத்தார்: டெலிவிஷன் வன்முறையைப் பார்ப்பவன் வெறும் பார்வையாளன், இங்கே அவனே அதைச் செய்கிறான். ‘மார்ட்டல் காம்பாட்’டை முன்னிட்டு 1993ல் செனட் நடத்திய விசாரணையும், 1999ல் கொலம்பைன் பள்ளிக் கொலைகளை ஒட்டி ‘டூம்’ மீது விழுந்த பழியும் பெரும்பாலும் இந்த வாதத்தின் நிழலில் நின்றவைதான்.

என்னை உறுத்துவது 2007. ஏப்ரல் 16ந் தேதி வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் பெயர் வெளியாகுமுன்பே ஜாக் தாம்ஸன் என்ற வழக்கறிஞர் டெலிவிஷனில் தோன்றி வீடியோ கேம்களைக் குற்றம் சாட்டினார். பின்னர் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அறையில் உடனிருந்தவர்கள் அவன் வீடியோ கேம் ஆடிப் பார்த்ததே இல்லை. அவன் படித்தது ஆங்கில இலக்கியம். எழுதியவை நாடகங்கள்.

நானும் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். அந்த நாடகங்களையும் பத்திரிகைகள் அலசின. ஆனால் நோயின் அறிகுறியாக. இலக்கியப் படிப்பு அவனைக் கெடுத்தது என்று யாரும் கூச்சல் போடவில்லை. அவன் அறையில் ஒரு கேம் கிடைத்திருந்தால் அது காரணமாகியிருக்கும். கௌரவம் பெற்ற கலை அறிகுறி, பெறாதது காரணம். நாவலும் ஒரு காலத்தில் காரணமாகத்தான் இருந்தது. 1774ல் வெளிவந்த கதேயின் ‘வெர்தர்’, தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று அடுத்த வருஷமே லைப்ஸிக் நகரில் தடை செய்யப்பட்டது.

வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுத்த கலிஃபோர்னியா சட்டத்தை 2011ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 7க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, கிரிம் கதைகளிலும் ஹோமரிலும் தாந்தேயிலும் ரத்தம் இருப்பதை நினைவூட்டினார். ஆய்வுகள் தொடர்பைக் காட்டலாம், காரணத்தை நிரூபிக்கவில்லை என்றார். வாசகனை உள்ளே இழுப்பது நல்ல இலக்கியத்தின் குணமும்தான் என்பது பழைய வாதத்துக்கு அவர் தந்த பதில்.

இதில் நாம் மகிழ ஒன்றுமில்லை. எழுத்து மனிதனை மாற்றும் என்று மேடையில் சொல்கிறோம். பழி வந்தால், எழுத்து யாரையும் கெடுக்காது என்கிறோம். ஜனரஞ்சக சினிமா மக்களின் மனத்தைக் கெடுத்துவிட்டது என்று நானே எழுதியிருக்கிறேன். நண்பர்கள் பாராட்டினார்கள்; ஆதாரம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று என் கையில் இருந்த ஆதாரம், அந்த வழக்கறிஞர் கையில் இருந்த அளவுதான்.