துருக்கி - ஐக்கிய அமெரிக்கா உறவுகள்

துருக்கி - ஐக்கிய அமெரிக்கா அரசுமுறை உறவுகள், ஓட்டோமான் பேரரசுடன் 1830 ஆம் ஆண்டில் கையெழுத்தான வணிக உடன்படிக்கையில் இருந்து தொடங்குகின்றன. முதலாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்ததை அடுத்து, 1917 ஏப்ரலில் பேரரசு இவ்வுறவை முறித்துக்கொண்டது. எனினும் இரு நாடுகளும் ஒன்றன்மீது ஒன்று போர் அறிவிக்கவில்லை. துருக்கிக் குடியரசுடன் 1927 இல் உறவு மீண்டும் ஏற்படுத்தப்பட்டது.

பனிப்போர்க் காலம்

துருக்கிய நீரிணைகளின் பாதுகாப்பில் சோவியத் ஒன்றியம் பங்கு கோரியதால் துருக்கி அமெரிக்காவை நெருங்கியது. 1947 இல் ட்ரூமன் கோட்பாட்டின்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்குமாக 40 கோடி டாலர் உதவி ஒதுக்கப்பட்டது. 1952 இல் துருக்கி நேட்டோவில் இணைந்தது.

சைப்பிரஸ் சிக்கல்

சைப்பிரசில் துருக்கி தலையிட்டு, அதனால் சோவியத் ஒன்றியம் தாக்கினால், நேட்டோ நாடுகள் துருக்கியைக் காக்கக் கடமைப்பட்டவையா என்பது ஐயத்துக்குரியது என 1964 ஜூனில் குடியரசுத் தலைவர் ஜான்சன், பிரதமர் இஸ்மத் இனோனுவுக்குக் கடிதம் எழுதினார். இது துருக்கியில் நெடுங்கால அவநம்பிக்கையை விளைவித்தது. 1974 இல் துருக்கியப் படைகள் சைப்பிரசில் இறங்கின. இதனால் 1975 முதல் 1978 வரை அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது. துருக்கியும் தன் மண்ணில் இருந்த அமெரிக்கத் தளங்கள் பலவற்றின் செயற்பாட்டை நிறுத்தியது.

அண்மைக் காலம்

ஈராக் போருக்காக அமெரிக்கப் படைகள் தன் நாட்டினூடாகச் செல்வதற்கான தீர்மானம் 2003 மார்ச் 1 இல் துருக்கிய நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதால், 2019 இல் எஃப்-35 போர் வானூர்தித் திட்டத்தில் இருந்து துருக்கி நீக்கப்பட்டது.