கூப்பிடு தூரம்

மைலும் கிலோமீட்டரும் நம் ஊர்ப்புறங்களுக்கு வந்து சேருமுன்னர், அண்டையிலுள்ள இடத்தைக் ‘கூப்பிடு தூரம்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இன்றும் முதியோர் நாவில் அது அடியோடு மறைந்துவிடவில்லை. ஒருவன் வாய்விட்டுக் கூவினால் மற்றொருவன் செவியில் விழக்கூடிய எல்லையே அந்த அளவு. வடமொழியில் ‘குரோசம்’ என்று வழங்கும் நீட்டலளவைப் பெயருக்கும் கூவுதல் என்பதே தாதுப்பொருள் என்று அறியும்போது, மனிதன் தான் நடக்கும் நிலத்தைத் தன் குரலைக்கொண்டே முதலில் அளந்தான் என்பது புலனாகிறது.

இந்தச் சொல் எனக்கு நினைவு வந்தமைக்குக் காரணம், கலிபோர்னியாவில் வாழும் என் தங்கை மகன் எழுதிய கடிதம். சியரா நெவாடா மலைத்தொடரில், கைபேசியின் அலை எட்டாத கணவாய்கள் வழியே, பத்து நாள் கால்நடையாகப் போகத் தீர்மானித்திருக்கும் அவன், ஆபத்துக் காலத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்பதற்கான கருவிகளுள் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தான். விலைப்பட்டியலைப் பார்த்துப் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கருவிகள் ஏன் இத்தனை வடிவங்களில் பிரிந்து நிற்கின்றன என்று ஆராயப் புகுந்தபோது, ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ ஒரு மலைச்சரிவில் நேர்ந்த மரணமோ, விபரீதமோ, வேடிக்கையோ இருக்கக் கண்டேன்.

ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவது ஐரோப்பியச் சீமான்களுக்கு ஒரு விரதம்போல் ஆகிவிட்டிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் ஆல்பைன் சங்கத்தின் தலைவராக முன்பு இருந்தவரும் தொழிலால் ரண வைத்தியருமான கிளின்டன் டென்ட் என்பவர், 1894-ஆம் ஆண்டில் ஆபத்துச் சமிக்ஞைக்கு ஒரு விதியை வகுத்தார். நிமிஷத்துக்கு ஆறு முறை, சீரான இடைவெளி விட்டு, கூவியோ, ஊதலை ஊதியோ, துணியை வீசியோ, இரவானால் விளக்கை மறைத்துக் காட்டியோ அறிவிக்க வேண்டும். பின் ஒரு நிமிஷம் ஓய வேண்டும். மீண்டும் ஆறு முறை. எளிய விதிதான். ஆனால் அதன் இரண்டாம் பாதியே என் சிந்தையைக் கவர்ந்தது: சமிக்ஞையைக் கண்டவர் அல்லது கேட்டவர், நிமிஷத்துக்கு மூன்று முறை திருப்பி அறிவித்து, ‘உன் குரல் எட்டியது’ என்று தெரிவிக்க வேண்டும். கால் முறிந்து பனியில் கிடப்பவனுக்கு உதவி வந்துசேர ஓர் இரவு முழுவதும் ஆகலாம். ஆனால் அந்த மூன்று ஒளிகளைக் கண்ட கணத்திலிருந்து அவன் கிடக்கும் கிடையே வேறாகிவிடுகிறது. பின்னால் வந்த யந்திரங்கள் டென்ட்டின் முதற்பாதியை மிகச் சாமர்த்தியமாக நிறைவேற்றின. இரண்டாம் பாதியை அவை மீண்டும் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மலையேறுவோர்க்கென்று மின்காந்த அலை முதலில் வரவில்லை; விமானங்களுக்காகவே வந்தது. 1967 மார்ச் மாதத்தில், போர்ட்லண்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு குடும்பத்தார் மூவரை ஏற்றிச் சென்ற சிறு விமானம், வட கலிபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் பனியினூடே விழுந்தது. மூவரும் விபத்தில் பிழைத்தனர். வளர்ப்புத் தந்தை உதவி தேடி நடந்து சென்றவர் திரும்பவில்லை. தாயும் பதினாறு வயது மகளும் விமானத்தின் உடைந்த கூட்டுக்குள் காத்திருந்தனர். அந்தப் பெண் நாட்குறிப்பு எழுதிவந்தாள். ஐம்பத்து நான்கு நாட்களுக்கு அதில் எழுத்து இருக்கிறது. அக்டோபரில் வேட்டைக்குச் சென்ற ஒருவர் கண்ணில் சிதைவுகள் தென்பட்ட பிறகே அதை உலகம் படித்தது. உயிரோடு இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லாமற் போயிற்றே என்னும் வேதனை, அமெரிக்கக் காங்கிரஸ் வரை சென்று எட்டியது. சிறு விமானங்களில், மோதிய அதிர்ச்சியில் தானாகவே உயிர்பெற்று ஒலிக்கும் வானொலிக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று 1970-இல் சட்டம் பிறந்தது. அச்சட்டம் முழுதும் நடைமுறைக்கு வருமுன்னரே, 1972 அக்டோபர் 16-ஆம் நாள், பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும் அலாஸ்கா பிரதிநிதி நிக் பெகிச்சும் சென்ற விமானம் ஆங்கரேஜுக்கும் ஜூனோவுக்கும் இடையே மறைந்தது. முப்பத்தொன்பது நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

அக்காலத்துக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓலமிட்டன. ஓலமிடுவது யார் என்று அந்த ஒலி சொல்லாது. எங்கிருந்து என்றும் சொல்லாது. தலைக்குமேல் செல்லும் விமானி எவரேனும் அந்த அலைவரிசையைத் திருப்பி வைத்திருந்தாலன்றி அது காட்டில் எறித்த நிலா. ஆகவேதான் இன்னும் உயரத்தில் ஒரு செவி வேண்டியதாயிற்று.

அந்தச் செவியின் கதை 1957 அக்டோபரில், ருஷியரின் ஸ்புட்னிக் வானத்தில் ஏறிய வாரத்தில் தொடங்குகிறது. புகைவண்டி நிலையத்து மேடையில் நின்றவர் எவரும் அறிவர்: ஊதிக்கொண்டே வரும் வண்டியின் ஒலி, நெருங்கும்போது கூர்த்தும், நம்மைக் கடந்த மாத்திரத்தில் தடித்தும் கேட்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வுச்சாலையில் இருந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இரு இளைஞர்கள், ஸ்புட்னிக்கின் ஒலியில் இதே மாற்றத்தைக் கவனித்து, அதைக்கொண்டே அதன் பாதையைக் கணக்கிட்டனர். கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் என்ன? கோளின் பாதை தெரிந்துவிட்டால், தரையில் ஒலிக்கும் கருவி இருக்கும் இடத்தைக் கண்டுவிடலாம் அல்லவா?

பனிப்போர் உறைந்து கிடந்த 1979 நவம்பரில், அமெரிக்கா, சோவியத் ருஷியா, கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கு தேசங்களும் லெனின்கிராடில் கூடி, ஆபத்துக் குரலைக் கேட்பதற்குப் பொதுவான ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. ஒருவரையொருவர் அழிக்க ஏவுகணைகளை நிறுத்திவைத்திருந்தவர்கள், வழிதவறிய மீனவனையும் விமானியையும் காப்பாற்ற ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொண்டது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று என்பேன். ருஷியப் பெயரின் சுருக்கமான ‘கோஸ்பாஸ்’, மற்றவர்களின் ‘சார்சாட்’ இரண்டும் சேர்ந்து அமைப்பின் பெயராயிற்று. முதல் கோள் 1982 ஜூன் இறுதியில் ருஷியாவிலிருந்து ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், காணாமற்போன வேறொரு விமானத்தைத் தேடிப் போய்த் தாங்களே பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் விழுந்துவிட்ட மூவரை, அந்த ருஷியக் கோள் கேட்ட குரலைப் பின்பற்றிச் சென்று கனடியர் மீட்டனர். பின்னர் இந்தியாவும் இவ்வேற்பாட்டில் பங்குகொண்டது. பெங்களூரிலும் லக்னோவிலும் நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தரைநிலையங்கள் இக்குரல்களுக்காகக் காத்திருக்கின்றன.

பழைய 121.5 அலைவரிசை மட்டும் பெரும் தொல்லையாகவே இருந்தது. அதில் வந்த ஓலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொய். 2004-இல் ஓரிகன் மாநிலத்துக் கார்வாலிஸ் நகரில், ஆபத்துச் சமிக்ஞையைத் தேடி வந்த மீட்புப் படையினர் ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக் கதவைத் தட்டினர். குரல்கொடுத்தது கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி! 2009 பிப்ரவரி 1 முதல் கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. அதன் இடத்தில், ஒவ்வொரு கருவியும் தன் அடையாள எண்ணைத் தானே சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் நிலைபெற்றது.

இந்த 406-ஐத்தான் அமெரிக்க அரசு 2003 ஜூலை 1 முதல் நடையாத்திரிகனின் கைக்கும் அனுமதித்தது. தனிநபர் ஆபத்துக் கருவி என்று இதைச் சொல்லலாம். உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் பெட்டி. பக்கத்தில் தையற்காரரின் அளவுநாடாபோல் சுருண்டு கிடக்கும் உலோகப் பட்டை. அதை இழுத்து நிமிர்த்தி, மூடியை விலக்கி, பொத்தானை அழுத்தினால், 5 வாட் சக்தியோடு குறைந்தது இருபத்து நான்கு மணிநேரம் கூவும். மாதச் சந்தா கிடையாது. பேட்டரி பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்து ஒரே ஒருமுறை விழிக்கும். அவ்வாண்டு நவம்பரிலேயே, நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் காட்டில் பனியில் சிக்கிய ஒருவரை இது காப்பாற்றியது. விட்டுவந்த படகை எடுக்க அவர் டிசம்பரில் மீண்டும் அதே காட்டுக்குப் போனார். மீண்டும் பொத்தானை அழுத்தினார். மீண்டும் ஹெலிகாப்டர் வந்தது. இம்முறை பொய்யாக ஆபத்தை அறிவித்தார் என்ற குற்றச்சாட்டும் உடன் வந்தது.

வியாபாரிகளின் கோள்கள் வேறு வழியே வந்தன. மோட்டோரோலா கம்பெனி எழுபத்தேழு கோள்களைப் பூமியைச் சுற்றிப் பறக்கவிடத் திட்டமிட்டு, அணுவெண் 77 உடைய இரிடியத்தின் பெயரைத் தன் திட்டத்துக்கு இட்டது. பின்னர் அறுபத்தாறே போதும் என்று கணக்குக் குறைந்தபோது பெயரைக் குறைக்கவில்லை. 66-ஆம் தனிமத்தின் பெயர் டிஸ்ப்ரோசியம் என்பதை எண்ணினால் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அந்த ஏற்பாடு, 1998 நவம்பரில் தொடங்கி 1999 ஆகஸ்டில் திவாலாயிற்று. 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த கோள்களை வளிமண்டலத்தில் வீழ்த்தி எரித்துவிடவே ஏற்பாடு நடந்தது. அந்நிலையில் 2½ கோடி டாலருக்கு அவற்றை வாங்கி ஒரு புதிய குழுவினர் காப்பாற்றினர். மலையில் நடப்போர் இன்று அனுபவிக்கும் வசதியில் பாதி, கடன்காரர்களின் நஷ்டத்தில் விளைந்தது.

போட்டியாளரான குளோபல்ஸ்டாரின் கதை இன்னும் விநோதமானது. 2007 தொடக்கத்தில் அதன் கோள்களிலிருந்து கீழே பேசும் பகுதி பழுதுபட்டு வருவது வெளிப்பட்டது. கீழிருந்து வருவதைக் கேட்கும் பகுதி மட்டும் நன்றாயிருந்தது. வாய் அடைத்து, செவி மட்டும் விழித்திருக்கும் கோள்களுக்கு ஏற்ற வேலை என்ன? அவ்வாண்டின் இறுதியிலேயே, மேல்நோக்கி மட்டும் செய்தி அனுப்பும் ‘ஸ்பாட்’ என்னும் ஆரஞ்சு நிறக் கருவி கடைக்கு வந்தது. ‘நலம்’ என்று வீட்டுக்குச் சொல்ல ஒரு பொத்தான், ஆபத்தைச் சொல்ல ஒரு பொத்தான். விலை மலிவு, மக்கள் விரும்பி வாங்கினர்.

ஆனால் மறுமொழி இல்லாத கூக்குரலின் குறை விரைவில் வெளிப்பட்டது. 2009 செப்டம்பரில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இரு தந்தையரும் இரு மகன்களுமாகச் சென்ற நால்வர், தண்ணீர் தீர்ந்ததென்று பொத்தானை அழுத்தினர். ஹெலிகாப்டர் வந்தபோது தண்ணீர் கிடைத்துவிட்டிருந்ததால், வேண்டாம் என்று அனுப்பிவிட்டனர். அன்று மாலை மீண்டும் அழுத்தினர். இரவில் உயிரைப் பணயம் வைத்துப் பறந்து வந்தவர்களிடம் அவர்கள் சொன்ன காரணம், கிடைத்த தண்ணீர் உப்புக்கரிக்கிறது என்பது. மறுநாள் காலை மூன்றாம் முறை. இம்முறை அவர்களை ஏற்றிக்கொண்டே ஹெலிகாப்டர் திரும்பியது. இந்நால்வரைப் பழித்துப் பத்திரிகைகள் எழுதியவை அநேகம். நான் அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பளிக்க மாட்டேன். உப்புக்கரிக்கிறது என்பதைச் சொல்லவும், ‘அதனால் சாகமாட்டீர்கள், குடியுங்கள்’ என்ற பதிலைப் பெறவும் அந்தப் பொத்தானுக்கு வாயும் இல்லை, செவியும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2011-இல், மெயின் மாநிலத்து யார்மத் ஊரில் காகிதத் தேசப்படங்களை அச்சிட்டுப் பேர்பெற்றிருந்த டிலோர்ம் என்னும் நிறுவனம், இரிடியம் கோள்கள் வழியே செய்தியை அனுப்பவும் பெறவும் கூடிய ‘இன்ரீச்’சை வெளியிட்டது. ஆபத்தை அறிவித்தவனுக்கு, இரவும் பகலும் விழித்திருக்கும் மையத்திலிருந்து, ‘என்ன நேர்ந்தது? இரத்தம் வருகிறதா? எத்தனை பேர்?’ என்று கேள்வி வரும்; ‘புறப்பட்டுவிட்டார்கள்’ என்று ஆறுதலும் வரும். டென்ட்டின் மூன்று ஒளிகள் இவ்வாறு திரும்பி வந்தன. 2016-இல் கார்மின் கம்பெனி டிலோர்மை வாங்கிக்கொண்டது. 2018-இல் 100 கிராம் எடையில் ஒரு சிறு வடிவமும் வந்தது. ஐரோப்பியரின் கலிலியோ கோள்கள், 406 கருவிகளில் அதற்கென அமைந்த சிலவற்றுக்கு, ‘கேட்டது’ என்ற ஒற்றை ஒப்புதலை 2020 முதல் திருப்பி அனுப்புகின்றன. 2022 நவம்பர் முதல் ஐபோன் 14-உம் திறந்த வானத்தின்கீழ் உதவி மையத்தோடு எழுத்தில் பேசுகிறது. கையில் பிடித்து, திரையில் காட்டும் பக்கம் திரும்பி நின்று, மரக்கிளைகளைத் தவிர்க்க வேண்டும். கை முறிந்தவனுக்கு இது எளிதன்று.

இவ்வளவையும் யோசித்து என் மருமகனுக்கு எழுதினேன்: தனியே போகிறவன் நீ, ஆகவே இருவழிக் கருவியை வாங்கு, சந்தாவைக் கணக்குப் பார்க்காதே. மாதந்தோறும் பணம் கட்ட மனமில்லையெனில் 406 கருவியை வாங்கி, உன் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் அமெரிக்க அரசிடம் மறவாமல் பதிவுசெய். கைபேசி மட்டும் போதும் என்று போகாதே. போகும் வழியை உன் மனைவியிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

அவன் அடுத்த ஆண்டு இமயத்துக்கு வர உத்தேசித்திருப்பதால் இன்னொன்றும் எழுத வேண்டியதாயிற்று. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் வகுத்த வழியில், இந்நாட்டில் இத்தகைய கருவியை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். 2024-25 குளிர்காலத்தில், பையில் இன்ரீச் வைத்திருந்த இரு வெளிநாட்டுப் பெண்கள், ஒருவர் கோவா விமான நிலையத்திலும் மற்றவர் டெல்லியிலும், தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கைச் சந்தித்தனர். ஆகவே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலன்றி, அந்தக் கருவியை உன் மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வா.