ஒரே வினாத்தாளின் மீது மூன்று சுமைகள்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் காத்தான்குடியின் வீதிகளிலும் பாடசாலை மதில்களிலும் வாழ்த்துப் பதாகைகள் எழுவது வழமை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்களும், அவற்றின் கீழே அவர்கள் பெற்ற புள்ளிகளும் அவற்றில் இடம்பெறுகின்றன. பிள்ளையின் வெற்றியில் பெற்றோரும் ஊரும் மகிழ்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி இப்பரீட்சை நமக்கு என்ன சொல்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை. கேட்டாலும் தெளிவான விடை கிடைக்காது. ஏனெனில் அந்த விடையைத் தருவதற்காக இப்பரீட்சை ஆக்கப்படவில்லை.

2025 ஆகஸ்ட் 10ஆம் திகதி நடைபெற்ற பரீட்சைக்கு நாடு முழுவதிலும் இருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 76 ஆயிரம் பேர் தமிழ்மொழி மூலத்தவர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ 52 ஆயிரம் பேர். அதாவது ஆறு பிள்ளைகளில் ஒருவர் ‘சித்தி’. எஞ்சிய ஐவர், பத்து வயதிலேயே, தாம் தோற்றுப்போனதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

இப்பரீட்சையின் தோற்றத்தை நாம் மறந்துவிடலாகாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில் மத்திய கல்லூரிகளையும் இலவசக் கல்வியையும் நிறுவியபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலை ஒன்றின் வாயிலை அடைவதற்கான படியாகவே புலமைப்பரிசில் அமைந்தது. அந்த நோக்கம் உயர்ந்தது. ஆனால் இன்று அதே பரீட்சை மூன்று வேலைகளைச் செய்யுமாறு பணிக்கப்பட்டுள்ளது. வறிய பிள்ளைக்கு உதவித்தொகை வழங்குவது முதலாவது. பிரபல பாடசாலைகளின் ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வது இரண்டாவது. ஆரம்பக் கல்வியில் பிள்ளை எதைக் கற்றது என்பதையும், பாடசாலை எதைக் கற்பித்தது என்பதையும் அளப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே வினாத்தாள் தொகுதி செம்மையாகச் செய்ய இயலாது என்பதே அளவீட்டியல் ஆய்வு நமக்குத் தரும் முதற் பாடம்.

இதற்கான காரணம் எளிது. முன்னணியில் உள்ளோரைத் தெரிவு செய்யும் பரீட்சை, வெட்டுப்புள்ளியை அண்டி நிற்கும் பிள்ளைகளைப் பிரித்தறியும் வினாக்களை நாடுகிறது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் சிக்கல் எழுத்தை இனங்காண்பதிலா, சொல்லை விளங்குவதிலா, வசனத்தைத் தொடர்வதிலா என்று அத்தகைய வினாக்கள் காட்டமாட்டா. 200க்கு 60 புள்ளி பெற்ற பிள்ளைக்கு நாளை வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்த 60 சொல்வதில்லை. 1905இல் பிரான்ஸில் அல்ஃபிரட் பினே முதலாவது நுண்ணறிவுச் சோதனையை ஆக்கியது, மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதற்காகவே. நமது நாட்டிலோ நுண்ணறிவு சார்ந்த வினாக்கள் உதவி வேண்டாதோரைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகிவிட்டன.

இரண்டாவது பாடம் வழுவைப் பற்றியது. தராசுக்கும் வழு உண்டு, பரீட்சைக்கும் உண்டு. உதாரணமாக, 200 புள்ளிகளுக்கான ஒரு பரீட்சையில் நியம விலகல் 30 எனவும் நம்பகத்தன்மைக் குணகம் 0.9 எனவும் கொள்வோம். 0.9 என்பது மிகச் சிறந்த பரீட்சைக்கு உரிய பெறுமானம். அவ்வாறிருந்தும் அளவீட்டின் நியம வழு ஏறத்தாழ 9.5 புள்ளியாகிறது. வெட்டுப்புள்ளி 140 என்றால், இன்று 136 பெற்ற பிள்ளை இன்னொரு நாளில், அதே தரத்திலான வேறொரு வினாத்தாளில், 144 பெறுவதில் வியப்பேதுமில்லை. 141 பெற்ற பிள்ளையையும் 139 பெற்ற பிள்ளையையும் வெவ்வேறு இனத்தவர் போல நடத்துவதற்கு அளவீட்டியலில் எந்த ஆதாரமும் இல்லை. காய்ச்சலோ, தூக்கமின்மையோ, தாயின் கலங்கிய முகமோ போதும் அந்த இரண்டு புள்ளிகள் இடம் மாறுவதற்கு.

தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கு இன்னொரு விடயமும் உண்டு. ஒரு மொழியில் சிந்தித்து ஆக்கிய வினா மற்றொரு மொழிக்குப் பெயர்க்கப்படும்போது அதன் கடினத்தன்மை மாறிவிடக்கூடும். ஒரு சொல் பிசகினால், கணக்கு அறிந்த பிள்ளையும் கணக்கைப் பிழையாகச் செய்யும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனியே வகுக்கப்படுவதால் இக்குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. எனினும் வினாவின் தகுதி, அதாவது அளப்பதாகச் சொல்வதையே அது அளக்கிறதா என்பது, அதனால் உறுதியாகிவிடாது.

அளவிடும் முறை என்பது அதிகாரிகளின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும் நுட்ப விவகாரம் அன்று என்பதை இந்நாட்டுத் தமிழ் பேசும் மக்கள் நன்கறிவர். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, பொறியியல் கற்கைக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227உம் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250உம் தேவைப்பட்டன. அதனால் ஏற்பட்ட காயத்தின் அரசியல் விளைவுகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் 2001இல் இஸட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு மாணவரின் புள்ளி அப்பாடத்தின் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் உள்ளது என்பதை அது காட்டுவதால், வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பாடங்களை ஒப்பிட முடிகிறது. முன்னையதை விட இது சீரிய முறையே. ஆயினும் 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் புதிய, பழைய பாடத்திட்டங்களின் கீழ் தோற்றிய இரு தொகுதியினரை ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணிக்கப்பட்டது. அது தவறென 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல சூத்திரமும் தவறான இடத்தில் பயன்பட்டால் அநீதியாகிறது.

பரீட்சை வகுப்பறையின் மீது செலுத்தும் பின்விளைவே மூன்றாவது பாடம். பிரித்தானிய சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட ‘டிப்ளோமா நோய்’ என்ற நூலில், கல்வி கற்றலுக்காக அன்றிச் சான்றிதழுக்காக நடக்கும் நிலையை ஆராய்ந்தபோது, எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அந்த நோய் இன்று பத்து வயதுக்கும் கீழே இறங்கியுள்ளது. நான்காம் தரம் முதற்கொண்டே மாதிரி வினாத்தாள்கள், பாடசாலை விட்டதும் குர்ஆன் மத்ரஸா, அதன் பின் பிரத்தியேக வகுப்பு என்றாகிறது ஒரு பிள்ளையின் நாள். கடற்கரையும் வாவியும் இருபுறமும் இருக்க, நடுவே நெருக்கமாய் வாழும் காத்தான்குடியில் விளையாட்டுக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? பணம் செலுத்த முடிந்த பெற்றோரின் பிள்ளை கூடுதலான பயிற்சி பெறுகிறது. ஏழைக்கென ஆக்கப்பட்ட ஏணி, ஏணி வாங்க வசதியுள்ளவருக்கே முதலில் எட்டுகிறது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக எழுந்த சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை சென்றமையும் இப்போட்டியின் வெப்பத்தையே காட்டுகிறது.

இவ்வாறெனில் மாற்று வழி என்ன? பரீட்சையை நாளையே ஒழிக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடன்று. மூன்று வேலைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியைக் கையாள வேண்டும் என்பதே எமது கருத்து.

கல்வித்தரத்தை அறிய ஒவ்வொரு பிள்ளையையும் பதற்றத்துக்கு உள்ளாக்கத் தேவையில்லை. மாதிரி எடுத்துச் சோதித்தல் போதும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இல் நான்காம் தர மாணவரிடையே நடத்திய மதிப்பீட்டில், எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டியோர் தாய்மொழியில் ஏறத்தாழ 37 சதவீதம், கணிதத்தில் 38 சதவீதம், ஆங்கிலத்தில் 10 சதவீதம் மட்டுமே எனத் தெரியவந்தது. எந்தப் பிள்ளையின் பெயரும் இன்றி, எந்தப் பதாகையும் இன்றி, நாட்டுக்குத் தேவையான உண்மையை அம்மதிப்பீடு வெளிக்கொணர்ந்தது.

கற்றலை மேம்படுத்துவதற்கோ வகுப்பறைக் கணிப்பீடே உரிய கருவி. போல் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கற்பித்தலின் இடையே பிள்ளையின் விளக்கத்தை அறிந்து உடனுக்குடன் பின்னூட்டல் வழங்குவது, குறிப்பாகப் பின்தங்கிய மாணவருக்குப் பெரும் பயன் தருவதை எடுத்துக்காட்டியது. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து நம் நாட்டிலும் பாடசாலை மட்டக் கணிப்பீடு அறிமுகமானது. ஆனால் படிவம் நிரப்புதலே கணிப்பீடு என்றாகி, ஆசிரியருக்கு அது மேலதிகச் சுமையாயிற்று. குறை கருத்தில் அன்று, நடைமுறையிலேயே.

மாற்றம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளின் பாடசாலைகளை உள்ளடக்கிய மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம் சிலவற்றை இப்போதே தொடங்கலாம். மூன்றாம் தரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ஐந்து நிமிடம் ஒரு பந்தியை வாசிக்கச் செய்து, ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம். தவணைப் பரீட்சை முடிந்ததும் மொத்தப் புள்ளிக்குப் பதிலாக, எந்த வினாவில் எத்தனை பேர் தவறினர், எவ்வாறு தவறினர் என்பதைப் பகுத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பலாம். கென்யாவில் 1970களில் அந்தனி சொமர்செற் பங்கேற்ற பரீட்சைச் சீர்திருத்தம் இத்தகைய பின்னூட்டலைத் தன் முக்கிய கருவியாகக் கொண்டது. இதற்கு வேண்டியது பெருந்தொகைப் பணமன்று. விடைத்தாளை வேறொரு கண்ணோடு நோக்கும் பழக்கமே வேண்டும்.

உதவித்தொகை விடயத்தில் அளவுகோல் வறுமையாக இருத்தலே முறை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுப்பனவை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தும் அறிவிப்பு வெளியானது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி கீழே நின்ற மீனவரின் பிள்ளைக்கோ, நெசவுத் தொழிலாளியின் பிள்ளைக்கோ அதில் ஒரு சதமும் இல்லை. பள்ளிவாசல் நிருவாகங்களும் வர்த்தகர்களும் பாராட்டு விழாக்களுக்கும் பதாகைகளுக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் மாலைநேர வகுப்புகளுக்கு ஒதுக்குவார்களாயின் அது பெருந்தொண்டாக அமையும்.

பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சில மணித்தியாலங்களில் எழுதிய விடைகள் கூறிவிடும் என்று நம்புவதற்கு ஆய்வுகள் இடமளிக்கவில்லை. பரீட்சைத் திணைக்களமும், கல்வி அமைச்சும், ஊர்ப் பெரியோரும், பெற்றோரும் இதனை உணர்ந்து செயற்படுதல் வேண்டும். ஐந்தாம் தர வகுப்பறையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று கேட்டறிவதே நம் காலத்துக்கு வேண்டிய மிகப் பெரிய பரீட்சைச் சீர்திருத்தம்.