கடனாளியின் பங்கு: இஸ்லாமிய வரலாற்றில் திவாலும் பொதுக் கருவூலமும்

வணிகத்தில் நொடித்துப் போனவனை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்' என்பது நம் கடைவீதிகளின் வழக்கு. அரபு மொழி அவனை 'முஃப்லிஸ்' என்கிறது. 'ஃபல்ஸ்' என்றால் செப்புக்காசு. தீனாரும் திர்ஹமும் கைவிட்டுப் போக, வெறும் செப்புக்காசோடு நின்றவன் என்று இச்சொல்லுக்கு விளக்கம் கூறுவர். இவ்வாறு நின்றவனிடம் எஞ்சியிருப்பதில் முதல் உரிமை யாருக்கு? கடன் கொடுத்தவருக்கா, வரி கேட்கும் அரசுக்கா, அவனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கா? ஓர் ஆட்சியின் அறநோக்கை அறிய இக்கேள்விக்கு அது அளித்த விடையைப் பார்த்தாலே போதும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் பழம் வாங்கி இழப்புக்கு ஆளான ஒருவரின் செய்தியை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். அவருக்குத் தர்மம் அளிக்குமாறு நாயகம் மக்களைப் பணித்தார்கள். திரண்ட தொகை கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு எதுவும் இல்லை என்று கடன்காரர்களிடம் கூறினார்கள். அவரை அடிமையாக விற்கவோ சிறையிடவோ ஆணையிடவில்லை. நெருக்கடியில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை தவணை அளிக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அறிவுறுத்துகிறது.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் சிந்திக்கத் தக்கது. ஈகைக் குணத்தால் கடனில் மூழ்கிய அந்த அன்ஸாரி இளைஞரின் சொத்து விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிடப்பட்டதாக அறிவிப்புகள் உள்ளன. அவற்றின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் சட்ட அறிஞர் பலர் அவற்றை எடுத்தாண்டுள்ளனர். பின்னர் அவரே யமனுக்கு அனுப்பப்பட்டார். செல்வரிடம் ஜகாத் பெற்று வறியவருக்கு வழங்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடனால் உடைமை இழந்தவர் மீதும் பொதுப்பணத்தில் நம்பிக்கை வைக்கப்பட்டது. திவால் என்பது அழியாத களங்கம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனினும் சட்டம் கடனாளிக்கு மட்டுமே இரங்கியதாக எண்ணிவிடக் கூடாது. ஜுஹைனா குலத்து உஸைஃபிஃ என்பவர் ஹாஜிகளை முந்திச் செல்லும் ஆசையால் கூடுதல் விலைக்கு ஒட்டகங்களைக் கடனாக வாங்கி நொடித்துப் போனார். கலீஃபா உமர் (ரலி) அதை மக்கள் முன் வெளிப்படையாக அறிவித்து, காலையில் கடன்காரர்கள் வரட்டும், சொத்தைப் பங்கிடுவோம் என்றார்கள். கடனைக் குறித்து எச்சரிக்கையும் செய்தார்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பவனின் செயல் அநீதி என்பது நபிமொழி. இயலாதவன் வேறு, ஏய்ப்பவன் வேறு என்ற இந்தப் பாகுபாட்டின் மீதே ஃபிக்ஹு நூல்களின் திவால் இயல் எழுந்தது.

அவ்வியலில் கருத்து வேறுபாடுகள் மிகுதி. அறிவு முதிர்ந்த மனிதனின் கொடுக்கல் வாங்கலை நீதிபதி தடைசெய்வது அவனது மனிதத் தகுதியைப் பறிப்பதாகும் என்று இமாம் அபூ ஹனீஃபா கருதினார். அவருடைய மாணவர்களான அபூ யூஸுஃபும் முஹம்மதும் தடைவிதிப்பை ஏற்றனர். 1869 முதல் 1876 வரை உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவும் மாணவர்களின் கருத்தையே பின்பற்றியது. திவாலானவனிடம் தான் விற்ற பொருள் அப்படியே இருக்கக் கண்டால், விலை பெறாத வணிகர் அதை மீட்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அவரும் ஏனைய கடன்காரருள் ஒருவரே என்பது ஹனஃபி மத்ஹபு.

கருவூலத்தின் உரிமை எங்கே நிற்கிறது? ஜகாத் நிலுவையும் மனிதர்களின் கடனும் வைத்து ஒருவர் இறந்தால், முதலில் ஜகாத்தே கொடுக்கப்பட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. மனிதரின் கடனே முதலில் என்றும், இரண்டும் சமம் என்றும் அம்மத்ஹபுக்குள்ளேயே வேறு கருத்துகள் உண்டு. மரண சாசனம் இல்லையெனில் ஜகாத் நிலுவையைச் சொத்திலிருந்து கட்டாயமாக எடுக்க இயலாது என்பது ஹனஃபி நிலை. அவர்களிடம் உயிரோடிருப்பவரின் கடனும் பொன், வெள்ளி, வணிகச் சரக்கு ஆகியவற்றின் ஜகாத் கணக்கிலிருந்து கழிக்கப்படும். விளைச்சலின் ஜகாத்துக்கு அக்கழிவு இல்லை. கடற்கரையூர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் தமிழகத்தில், இவ்வேறுபாடு இரு வணிகர்களின் கணக்கேடுகளை வேறு வேறாக்கக் கூடியது.

இவ்வேறுபாடுகளுக்கு அப்பால் எல்லா மத்ஹபுகளும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணுகிறது. அவர்களுள் கடன்பட்டோராகிய 'காரிமீன்' ஒரு வகையினர். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ஆட்சிக்காலம் கி.பி. 717-720) கடன்பட்டோரின் கடனை அடைக்க ஆணையிட்டபோது, வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுப் பொருளும் உடையவனைக் கடனாளி என்பதா என்று அதிகாரிகள் ஐயம் எழுப்பினர். இவை மனிதனுக்கு இன்றியமையாதவை. அவனும் காரிமே, கொடுங்கள் என்று கலீஃபா விடையளித்ததாக அபூ உபைதின் 'கிதாபுல் அம்வால்' பதிவு செய்கிறது. கராஜ் வரி செலுத்தாதவரை அடிப்பதையும் வெயிலில் நிறுத்துவதையும் விலக்குமாறு ஹாரூன் ரஷீதுக்கு அபூ யூஸுஃப் எழுதிய அறிவுரையும் இம்மரபினதே.

நம் நாட்டில் ஆங்கில ஆட்சி இயற்றிய சட்டங்களை இதனோடு ஒப்பிடலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கான 1909ஆம் ஆண்டுத் திவால் சட்டமும், பிற பகுதிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டமும் கடனாளிக்கு விடுதலை அளிக்க வழிசெய்தன. நீதிமன்றம் விடுவித்தால் வணிகரின் கடன் நீங்கும். ஆனால் அரசுக்குரிய கடன் நீங்காது. சொத்துப் பங்கீட்டிலும் அரசின் நிலுவை முன்வரிசையில் நின்றது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் நிறுவனக் கலைப்பில் இவ்வரிசையை மாற்றி, பிணையுள்ள கடனுக்கும் தொழிலாளர் நிலுவைக்கும் பின்னால் அரசை நிறுத்தியது. ஆயினும் சொத்தின் மீது மாநில வரிச்சட்டம் உரிமை தந்திருந்தால், அரசும் பிணையுள்ள கடன்காரரே என்று 2022இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கேள்வி மீண்டும் திறந்தது.

ஃபிக்ஹு மரபு கடனை ரத்துச் செய்யவில்லை. பங்கிட்டபின் எஞ்சியது கடனாளியின் பொறுப்பிலேயே இருக்கும். ஆங்கிலச் சட்டம் தந்த விடுதலை அங்கே இல்லை. கடன் கொடுத்தவரின் உரிமையை அழிக்காமல் கடனாளியைக் கைதூக்கிவிட அது கண்ட வழி, பொதுக்கருவூலத்தைத் துணைக்கு அழைப்பதாகும். மற்றக் கடன்காரரின் உரிமை அழிந்தபின்னும் ஆங்கில அரசு தன் உரிமையை விடாது நின்றது. கடன்பட்டோருக்கும் பங்கு வைத்த பைத்துல்மால், இருவருக்கும் நடுவே கொடையாளியாக நின்றது.

இன்று நம் ஊர்களில் ஜகாத் பெரும்பாலும் ரமளானில் துணியாகவும் சில்லறையாகவும் பகிரப்படுகிறது. வட்டிக்கடையின் வாசலில் நிற்கும் சிறுவணிகனும், மருத்துவச் செலவால் கடனாளியான தகப்பனும் கேட்கக் கூசி ஒதுங்கி நிற்கின்றனர். அவர்கள் கேட்பது இரக்கத்தை அன்று. இறைமறை ஒதுக்கிய பங்கை. அப்பங்கைத் தேடிச்சென்று சேர்க்கும் பொறுப்பு ஜமாஅத்துகளுக்கு உரியது.