நீலகிரி மின்சாரமும் சமவெளி ஆலைகளும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு

கரிப்புகை குறைந்த தொழில் வளர்ச்சி என்றாலே அண்மைக் காலக் கொள்கை அறிக்கைகளில் பிறந்த சரக்கு என்று எண்ணுகிறோம். நீலகிரியில் அதற்கு நூறாண்டைத் தாண்டிய முன்கதை உண்டு. அந்தக் கதையில் ஒரு கோணலும் உண்டு: மின்சாரம் மலையில் பிறந்தது, ஆலைகள் பெரும்பாலும் சமவெளியில் முளைத்தன.

தொடக்கமே பசுமைக்குப் பொருந்தாத இடம். குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவியின் நீர் மின்சாரம் தந்தது. ஆனால் அது ஒரே ஆலையோடு நின்றுவிட்ட முயற்சி.

உண்மையான திருப்பம் 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம். சென்னை மாகாணத்துத் தொழில்களுக்கு அருகில் நிலக்கரி இல்லை. சிங்கரேணிச் சுரங்கம் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்தது. வங்காளக் கரியோ வந்து சேர்வதற்குள் விலையேறிவிடும். பைக்காரா ஆற்றுநீரைக் குழாய்களில் ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காரா மின் நிலையத்துக்கு இறக்கியபோது இந்தத் தடை உடைந்தது. கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இலேயே நூற்பாலை தொடங்கியிருந்தார். என்றாலும் ஆலைகள் வரிசையாகப் பெருகியது பைக்காரா மின்சாரம் வந்த 1930களில்தான், அதுவும் உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில். கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் இடத்தை மின் பம்ப்செட் பிடித்தது. பம்ப்செட் தேவையிலிருந்து பம்ப், மோட்டார் தயாரிப்பே கோயம்புத்தூரின் தனித் தொழிலாயிற்று. அன்றைய திட்டக்காரர்களுக்குக் காற்று மண்டலம் ஒரு பொருட்டல்ல, கரியின் விலைதான் கவலை. பசுமைத் தொழில் பற்றி எழுதுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை. சிக்கனமும் தூய்மையும் ஒரே ஆற்றில் சேர்ந்து வந்த தற்செயல் அது.

விடுதலைக்குப் பின் மாயாறு மின் நிலையமும், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா உதவிய குந்தா திட்டமும் வந்தன. குந்தாவின் ஆறு மின் நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். அந்த மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலக்கிறது. சென்னைப் பக்கத்து அம்பத்தூர்ப் பட்டறையிலோ பாரிவாக்கத்து வீட்டிலோ எரிவதில் எது மலைநீர், எது அனல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொடுத்த விலை மட்டும் பிரித்தறியக் கூடியது: அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்களுக்கு அடியில் புல்வெளிகளும் சோலைகளும் போயின.

மலையின் சொந்தத் தொழிலான தேயிலையோ வேறு வழியில் சென்றது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை இலை வேண்டும். அவ்வளவு ஈரத்தையும் போக்கும் அனல்காற்றுக்கு ஆலைகள் பெரிதும் விறகையே நம்பின. அந்த விறகு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்திலும் (யூகலிப்டஸ்) சீகையிலும் (வாட்டில்) விளைந்தது. வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் கரிமக் கணக்கு ஓரளவு நேராகலாம்; தோட்டமாக்கப்பட்ட புல்வெளி அந்தக் கணக்கில் வராது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை தர அரசே தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. தாயகம் திரும்பியோருக்கு அது பிடிமானம். காட்டுக்கு இன்னொரு இழப்பு.

இப்போது மலைக்கு வேறு பணி தரப்படுகிறது. 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் எமரால்டு–அவலாஞ்சி நீரைப் போர்த்திமந்து நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவை உச்சமாகும் வேளையில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். கமுதிச் சூரிய மின் நிலையத்தின் வெயிலையும் முப்பந்தல் காற்றாலைகளின் காற்றையும் சேமிக்க இதைவிடப் பழகிய முறை நம்மிடம் இல்லை என்பதால் நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் அதே மலையில் திட்டமிடப்பட்ட 1,000 மெகாவாட் சில்லஹல்லா நீரேற்றுத் திட்டத்துக்கு மலை விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவிப்பதை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று தள்ளுவது வரலாறு அறியாத பேச்சு. சேமித்த மின்சாரத்தில் எவ்வளவு மலைக்கு, தேயிலை ஆலைகளின் விறகு அடுப்பை அது எந்த விலையில் மாற்றும் என்பவற்றைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.