மாட்டுக்கு ஒரு ஜெயில்!

யானைக்கு ரெண்டு ரூபாய். ஒட்டகம், எருமைக்கு எட்டணா. குதிரை, காளை, பசு என்றால் நாலணா. கன்றுக்குட்டி, கழுதை, பன்றிக்கு ரெண்டணா. ஆட்டுக்கு ஓரணா.

சந்தை விலை என்று நினைத்துவிடாதீர்கள். அபராதப் பட்டியல்! அடுத்தவர் வயலில் வாய் வைத்து மாட்டிக்கொண்ட கால்நடையை மீட்பதற்கு, 1871-ம் வருடத்து கால்நடை அத்துமீறல் சட்டம் வைத்த ரேட்.

மதராஸ் பட்டணத்துக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. ஆனால், அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி கிராமங்களுக்கு விலக்கு கிடையாது.

பயிரை மேய்ந்த மாட்டை வயல்காரரே பிடிக்கலாம். ஆனால், 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். 'கொண்டித் தொழு', 'பவுண்டு' என்றெல்லாம் சொல்வார்களே, அந்த இடம்தான். எத்தனை மாடு, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, பிடித்தது யார்... எல்லாவற்றையும் பட்டிக்காரர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

சரி, அடைத்த மாட்டுக்குத் தீனி?

அதுவும் பட்டிக்காரர் பொறுப்புதான். தீனிக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு வசூலிக்கலாம் என்று ஜில்லா மாஜிஸ்திரேட் நிர்ணயிப்பார். சொந்தக்காரர் அபராதத்தோடு இந்தச் செலவையும் கட்டினால்தான் மாடு வெளியே வரும். போதுமான தீனி வைக்காத பட்டிக்காரருக்கு 50 ரூபாய் வரை அபராதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பசுக்களுக்கான அபராதம், பட்டினி போட்ட ஒரே மனிதனுக்கு!

ஏழு நாளாகியும் யாரும் வரவில்லையா? போலீஸுக்குத் தகவல் போகும். நோட்டீஸ் ஒட்டி, ஊரிலும் சந்தையிலும் தண்டோரா போடுவார்கள். இன்னும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம். அந்த ஏலத்தில் போலீஸ்காரரும் பட்டிக்காரரும் மாடு வாங்கக் கூடாது. கில்லாடித்தனமான சட்டம்தான்.

ஆனால், ஏழையின் பக்கம் நின்று பாருங்கள். இருப்பதே ஒரு பசு. நாலணா புரட்டுவதற்குள் தீனிக் கணக்கு நாளுக்கு நாள் ஏறும். ஆத்திரத்தில் பட்டியிலிருந்து ஓட்டி வந்துவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் 500 ரூபாய் வரை அபராதம். மாடு எங்கே மேய்ந்தது என்று துருவிக் கேட்ட சட்டம், அது எங்கே மேயலாம் என்று மட்டும் சொல்லவே இல்லை.

சரியாக நூறு வருடம் கழித்து, 1971-ல் சிப்காட் நிறுவனம் பிறந்தது. பிறகு கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டை வந்தது, சுற்றிலும் ஆலைகள் வந்தன. வேலையும் வந்தது, மறுக்க முடியாது. ஆனால் காம்பவுண்டுச் சுவர் எழும்பும் இடத்தில் மாடு மேய முடியாதே! ராத்திரியில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டைப் பார்த்து ஹாரன் அடிக்கிறோம். 'பிடிச்சு அடைங்கப்பா' என்று கத்துகிறோம்.

அடைக்கட்டும், தப்பில்லை. விபத்தில் சாவது மனிதர்களும்தான். ஆனால், அடைத்த நிமிஷத்திலிருந்து தொட்டியில் தண்ணீர் நிரப்புவது யார், வைக்கோல் யார் செலவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 1871-ல் வெள்ளைக்காரனே எழுதி வைத்த கணக்கு அது.