லினக்ஸ் பணிமேடையும் பொதிச் சார்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் புதிய ஆக்கங்கள் தோன்றிய கதையையே பெரிதும் கூறுவர். ஆக்கியதை அகற்றுவதிற் பிறந்த சிக்கல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. லினக்ஸ் கணனியில் வேண்டாத மென்பொருளொன்றை நீக்க முற்பட்டவர், சாளரங்களும் பட்டிகளும் அடங்கிய பணிமேடை முழுவதையும் இழந்து, கரிய திரையில் எழுத்துகளை மட்டும் கண்டு திகைத்ததுண்டு. இதன் காரணத்தை அவ்வமைப்பு வளர்ந்த முறையிலேயே தேடுதல் வேண்டும்.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் கருவை மட்டுமேயாகும். ஏனைய உறுப்புகளைப் பல நாட்டினர் தனித்தனியே ஆக்கினர். அவற்றை ஒழுங்குபடத் தொகுத்து வழங்கும் நோக்குடன் 1993 ஆகஸ்டில் இயன் மேர்டொக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அதில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்பட்டன. ஒரு பொதி தான் இயங்குவதற்கு இன்றியமையாத பிற பொதிகளின் பெயர்களைத் தன்னகத்தே குறித்து வைத்திருக்கும். இக்குறிப்பே சார்பு எனப்படுகின்றது. ஒரே நூலகத்தைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொண்டமையால் வட்டில் இடம் மீதமாயிற்று. ஆயின், ஒன்றை அகற்றினால் அதனைச் சார்ந்தவையும் செயலிழக்கும் நிலை உடன் தோன்றிற்று.

டெபியனின் தொடக்ககாலக் கருவியாகிய டிபிகேஜி, பிற பொதிகள் சார்ந்துள்ள ஒன்றை நீக்குமாறு பணித்தால் பொதுவாக மறுத்துவிடும். 1999இல் டெபியன் 2.1 பதிப்புடன் வழங்கப்பட்ட ஏ.பி.ரி. என்னும் கருவியோ அவ்வாறு மறுத்து நிற்பதில்லை. வேண்டிய பொதிகளைத் தானே தேடிக் கொணரும். முரண்படுபவற்றையும் சார்ந்தவற்றையும் நீக்குமாறு தானே முன்மொழியும். பயனாளரின் பெருஞ்சுமை இதனால் நீங்கிற்று. அதே வேளை, தாம் கருதாத நீக்கங்களுக்கும் அவர் இசைவளிக்கக்கூடிய வாய்ப்பு ஏற்பட்டது.

1996இல் கே.டி.ஈ. திட்டமும் 1997இல் குனோம் திட்டமும் தொடங்கப்பட்டன. இவற்றின் பணிமேடைகள் மிகப் பல பொதிகளால் ஆனவை. அனைத்தையும் ஒரே பெயரால் நிறுவுதற்பொருட்டுத் தொகுப்புப் பொதிகள் வகுக்கப்பட்டன. தொகுப்புப் பொதியினுள் மென்பொருள் எதுவும் இராது. சார்புகளின் பட்டியலே இருக்கும். பின்னர், வேறொன்றின் பொருட்டு நிறுவப்பட்ட பொதிகளைத் தனியே குறித்துவைத்து, சார்ந்திருப்போர் இல்லாதபோது அவற்றைக் களையும் வசதியும் சேர்ந்தது.

தனித்தனியே நோக்கின் இரண்டும் பயனுள்ள ஏற்பாடுகளே. இரண்டும் கூடியவிடத்திலேயே இடர் விளைந்தது. பட்டியலில் உள்ள சிறு செயலியொன்றை ஒருவர் நீக்குகிறார் எனக் கொள்வோம். அதனைச் சார்ந்த தொகுப்புப் பொதியும் உடன் நீங்கும். அது வெறும் பட்டியலாதலால் உடனடி இழப்பு எதுவும் தென்படாது. ஆயின், அதன் பொருட்டு வந்த ஏனைய பொதிகள் இப்போது உரிமை கோருவாரற்றவையாகின்றன. அடுத்த முறை துப்புரவுக் கட்டளை இடப்படும்போது பணிமேடையே அகன்றுவிடலாம். கருவி விதியை வழுவவில்லை. பயனாளரின் கருத்தை அறியும் ஆற்றல் அதற்கு இல்லை.

2021 நவம்பரில் இச்சிக்கல் உலகறிய வெளிப்பட்டது. கனடாவைச் சேர்ந்த காணொளித் தயாரிப்பாளர் லைனஸ் செபஸ்தியன், பொப் ஓ.எஸ். என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளின் பதிப்புகளிடையே முரண்பாடு இருந்தமையால், பணிமேடையை நீக்குவதையே ஏ.பி.ரி. தீர்வாக முன்வைத்தது. கடும் எச்சரிக்கையொன்று தோன்றி, சொன்னபடி செய்க என்னும் பொருளுடைய வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்யுமாறு கேட்டது. அவர் அவ்வாறே செய்தார், பணிமேடை நீங்கிற்று.

பிழை யாருடையது என்ற வாதம் எழுந்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவரையே சிலர் குறைகூறினர். எனினும், அதன் பின் வந்த ஏ.பி.ரி. பதிப்புகளில் இன்றியமையாப் பொதிகளை அவ்வாக்கியத்தால் மட்டும் நீக்க இயலாதவாறு மாற்றம் செய்யப்பட்டது. கட்டளையிலேயே அதனை வெளிப்படக் குறித்தல் வேண்டுமென்றாயிற்று.

இம்மாற்றம் சிறிதாயினும் பொருள் பொதிந்தது. தொடக்கத்தில் கருவியைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் அதன் உள்ளமைப்பை அறிந்தோராவர். அவர்தம் இசைவு அறிந்தளித்த இசைவாக இருந்தது. பயன்படுத்துவோர் வட்டம் விரிந்தபின் எச்சரிக்கையின் சொற்கள் மாறாதிருந்தும் அவற்றை விளங்கிக்கொள்வோர் மாறிவிட்டனர். விளங்காத எச்சரிக்கைக்கு அளிக்கப்படும் இசைவை முழுமையான இசைவாகக் கொள்ளலாகாது என்பதை, ஏறத்தாழ இரண்டு தசாப்த காலப் பட்டறிவின் பின்னரே அக்கருவி ஏற்றுக்கொண்டது எனலாம்.